தூக்க மாத்திரையைக் குறைக்கிறவர் ஸ்லீப் டெஸ்டுக்குப் போகும் முன்

அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம் என்று பெயர் எதுவானாலும், வருடக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினால் முதலில் கெடுவது தூக்கம்தான். இரவு 2 மணிக்கு விழிப்பு, விடியும்வரை புரளல், கண் அசந்தால் பயங்கரக் கனவு. இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனதும் வீட்டில் யாராவது ஒருவர், "ஒரு ஸ்லீப் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமே" என்பார். இரவு முழுக்கத் தூங்க வைத்து மூளை அலை, மூச்சு, கால் அசைவு எல்லாவற்றையும் பதிவு செய்து பார்க்கும் பரிசோதனை அது. எடுக்கலாம். ஆனால் எதற்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தால் பணமும் ஒரு இரவும் வீண். ரிப்போர்ட்டைத் தவறாகப் படித்து இன்னொரு மாத்திரை கைக்கு வந்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

தூக்கம் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனை தேவையில்லை. மாத்திரை குறைந்ததால் வரவில்லை, அது தெரிந்த விஷயம். தூக்கமின்மைக்கு வழக்கமாக ஸ்லீப் டெஸ்ட் எழுத வேண்டியதில்லை என்பதுதான் தூக்க மருத்துவத்தின் நெடுநாள் நிலைப்பாடும். மாத்திரைக்குப் பின்னால் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பதே இந்தப் பரிசோதனை பதில் சொல்லக்கூடிய கேள்வி. முக்கியமாக இரண்டு: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, கால்கள் விட்டுவிட்டு உதறுவது. இரண்டுமே, "தூக்கம் வரல" என்று சொல்லி முதன்முதலில் மாத்திரை வாங்கிய நாளிலேயே இருந்திருக்கலாம். யாரும் தேடாமல் விட்டிருக்கலாம்.

மற்ற எதையும்விட முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பரிசோதனைக்கு முன் கொடுக்கும் அச்சடித்த தாளில், "தூக்க மாத்திரை சாப்பிடாமல் வரவும்" என்று ஒரு வரி இருக்கும். அது எல்லோருக்கும் பொதுவாக அடித்த வரி. தினமும் இந்த மாத்திரையை எடுத்துப் பழகிய உடம்புக்கு அது பொருந்தாது. ஒரு நாள்தானே என்று திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, சிலருக்கு வலிப்பு வரை போகும். அல்பிரசோலம் போல உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்தில் இந்த ஆபத்து இன்னும் விரைவாக வரும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, மாத்திரை எழுதிய மருத்துவரிடமே போய், "வழக்கமான டோஸ் எடுத்துக்கொண்டே டெஸ்ட் செய்யவும்" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். ஸ்லீப் லேப் ஆட்கள் அதைப் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள். மாத்திரை எடுக்காமல் வந்தால்தான் டெஸ்ட் என்று பிடிவாதம் பிடித்தால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. 'ஸ்லீப் இ.இ.ஜி.' என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. வலிப்பு நோய்க்காக எடுப்பது. பகலில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சில சமயம் முதல் நாள் இரவு தூங்காமல் வரச் சொல்வார்கள். நாம் பேசுவது அதுவல்ல, இரவு முழுக்க எடுக்கும் பாலிசோம்னோகிராபி. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். மாத்திரை குறைத்துக்கொண்டிருப்பவர் வேண்டுமென்றே இரவு முழுக்கக் கண்விழிப்பது வலிப்பை வா என்று அழைப்பது போல.

யாருக்கு இந்த டெஸ்ட் அவசியம்? பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். "ராத்திரி பூரா குறட்ட வுட்டாரு, நடுவுல மூச்சே நின்னுச்சு, காலைல கேட்டா தூங்கவே இல்லன்றாரு" என்று மனைவி சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த மொபைல் ஆப்பையும்விட மதிப்பு அதிகம். குறட்டை, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, பகலில் அசதி, ரத்த அழுத்தம், 50 வயதுக்கு மேல், ஆண், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், உடல் பருமன் ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் டெஸ்டைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தும், மூச்சு முட்டும்போது எழுப்பிவிடும் எச்சரிக்கையையும் மழுங்கடிக்கும். அதனால் மூச்சு நிற்கும் நோய் உள்ளவருக்கு மாத்திரையைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. சாயங்காலமானால் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போல, நடந்தால் மட்டும் தணிவது போல இருப்பவர்களும், தூக்கத்தில் கைகாலை வீசி அடிப்பவர்களும் இதே பட்டியலில் சேருவார்கள். மேற்சொன்ன எதுவும் இல்லாமல், மாத்திரை குறைத்த பிறகு மட்டும் தூக்கம் கெட்டவர் அவசரப்பட வேண்டியதில்லை.

அடுத்து, நாள் குறிப்பது. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. டோஸைக் குறைத்த மறுவாரமே டெஸ்டுக்குப் போனால், அந்த வாரத்தின் கொந்தளிப்பைத்தான் மெஷின் பதிவு செய்யும். குளோனசெபாமின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 30 முதல் 40 மணி. புதிய அளவுக்கு ரத்தத்தில் நிலைபெற ஒரு வாரம் ஆகும். டயசெபாம் உடம்பில் சிதைந்து உருவாகும் பொருளும் வேலை செய்யக்கூடியது, அது நாள்கணக்கில் தங்கும். அதற்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்றாலும், மூளை பழக அதற்கும் நாள் வேண்டும். ஆகவே கடைசியாகக் குறைத்ததிலிருந்து குறைந்தது இரண்டு மூன்று வாரம், டயசெபாம் என்றால் நான்கு வாரம், ஒரே அளவில் நின்றுவிட்டு, அடுத்த குறைப்புக்கு முந்தைய நாள்களில் டெஸ்ட் வைத்துக்கொள்வதே சரி. 2025-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம் என்கிறது; எந்த இரண்டு வாரத்திலும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த வேகத்தில் போகிறவருக்கு டெஸ்டுக்கான இடைவெளி தானாகவே கிடைக்கும்.

டெஸ்ட் வாரத்தில் மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் இதோடு சேர்ந்தது. 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசெபாம், இன்னொரு தூக்க மாத்திரையான சோல்பிடெம் எல்லாம் அரசின் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. மெடிக்கல் ஷாப்காரர் சீட்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் பெயர் எழுதித்தான் தர வேண்டும். பழைய சீட்டோடு கடைசி நாளில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார், அதில் அவர் தப்பும் இல்லை. இரண்டு வாரத்துக்குத் தேவையானதை முன்கூட்டியே, எப்போதும் வாங்கும் கம்பெனி மாத்திரையாகவே வாங்கி வையுங்கள்.

டெஸ்டுக்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். நூறு பக்க கோடு போட்ட நோட்டு போதும். படுத்த நேரம், விளக்கை அணைத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எத்தனை முறை விழிப்பு, எழுந்த நேரம், பகல் தூக்கம், மாத்திரை எடுத்த மணி, எத்தனை மி.கி., கடைசி டீ எப்போது. இரவில் மணி பார்த்து எழுத வேண்டாம், காலையில் தோராயமாக எழுதினால் போதும். மணி பார்க்கிற பழக்கமே விழிப்பை நீட்டும். கையில் கட்டும் வாட்ச் சொல்லும் தூக்கக் கணக்கை இதில் சேர்க்க வேண்டாம். அசையாமல் விழித்துக் கிடப்பதை அது தூக்கம் என்று எண்ணிக்கொள்ளும். ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ஷிஃப்ட்டையும் எழுத வேண்டும். வட சென்னையில் மணலியிலும் எண்ணூரிலும் கம்பெனி நைட் ட்யூட்டி பார்க்கிறவர், காசிமேட்டில் விடியும் முன் மீன் ஏலத்துக்கு நிற்கிறவர், இவர்களை இரவு 10 மணிக்குப் படுக்க வைத்து டெஸ்ட் எடுத்தால் உடம்பு விழித்திருக்கும் நேரத்தைத்தான் அளப்பார்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்திலேயே எடுக்க முடியுமா என்று முன்னதாகக் கேளுங்கள்.

வீட்டில் எடுக்கும் டெஸ்டா, லேபில் தங்கி எடுப்பதா? வீட்டு டெஸ்ட் மலிவு, லேபில் போய்ப் படுக்க வேண்டியதில்லை. ஆனால் தூக்கமே வராதவருக்கு அதன் கணக்கு ஏமாற்றும். பெரும்பாலான வீட்டு மெஷின்கள் மூக்கில் காற்று, மார்பு அசைவு, விரலில் ஆக்சிஜன் இவற்றை மட்டும் அளக்கும். மூளை அலை அதில் இல்லை. நீங்கள் தூங்கினீர்களா என்பதே அதற்குத் தெரியாது. மெஷின் 8 மணி நேரம் ஓடியது, நீங்கள் தூங்கியது 3 மணி நேரம், மூச்சு தடைபட்டது 45 முறை என்று வைத்துக்கொள்வோம். மெஷின் 45-ஐ 8-ஆல் வகுத்து மணிக்கு 5.6 என்று காட்டும், அதாவது லேசான தொந்தரவு. உண்மையில் 45-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும். வருவது 15, அது நடுத்தர நிலை. தூக்கமின்மை கடுமையாக உள்ளவருக்கு லேப் டெஸ்டே சரி என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டு டெஸ்டில் 'நார்மல்' என்று வந்தால் அதை நம்பி நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பணம் கட்டும் முன் லேபில் கேட்க வேண்டியவை: மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, இரண்டு கால், எல்லாவற்றையும் பதிவு செய்வார்களா? ஆள் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாரா? கம்ப்யூட்டர் போட்ட மதிப்பெண்ணை அப்படியே தருவார்களா, ஒவ்வொரு 30 விநாடித் துண்டையும் டெக்னீஷியனோ மருத்துவரோ கண்ணால் பார்த்துக் குறிப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வி நமக்கு மிக முக்கியம். இந்த மாத்திரைகள் மூளை அலையில் வேகமான பீட்டா அலைகளைக் கூட்டும், தூக்கத்தில் விட்டுவிட்டு வரும் 'ஸ்பிண்டில்' என்ற கதிர் வடிவ அலைகளையும் பெருக்கும். கம்ப்யூட்டர் இதை விழிப்பு என்று தவறாகக் குறிக்கக்கூடும். அதனால் விண்ணப்பத் தாளிலேயே மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் குறைத்த தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். முதல் இரவு சரியாகத் தூங்காவிட்டால் மறு டெஸ்டுக்கு முழுப் பணமா, சலுகை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையில் நெஞ்சகநோய், காது மூக்கு தொண்டை, நரம்பியல் பிரிவுகளில் விசாரிக்க வேண்டும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் முதலில் மனநலப் பிரிவில் காட்டி, மாத்திரைக் குறைப்புத் திட்டத்தைச் சீட்டில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே பரிந்துரை கேட்பது அலைச்சலைக் குறைக்கும்.

போகிற நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் இருந்தால் எலெக்ட்ரோடு ஒட்டாது, நடு இரவில் கழன்று விழும், அதை ஒட்ட வருபவர் உங்களை எழுப்புவார். ஷாம்பு போட்டுக் குளித்துத் தலையை நன்றாகக் காயவிட்டுப் போங்கள். மல்லிகைப் பூ வேண்டாம். ஒரு கையின் நகப்பூச்சையாவது அழித்துவிடுங்கள். மருதாணி அடர்த்தியாகச் சிவந்த விரலைத் தவிர்த்து வேறு விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள். மூக்குத்தி பெரிதாக இருந்தால் கழற்றிவிட்டுப் போகலாம், மூக்குக் குழாய் அதன்மேல் உட்காராது. உடை தளர்வாக, மேல் கீழ் தனித்தனியாக இருக்கட்டும். லுங்கி நல்லது, கணுக்காலுக்கு மேல் தசையில் சென்சார் ஒட்ட வசதி. சொந்தத் தலையணையை எடுத்துப் போங்கள். மதியத்துக்கு மேல் டீ, காபி கிடையாது. காஃபீனின் அரை ஆயுளே ஏறக்குறைய 5 மணி நேரம். அன்றைக்கு மட்டும் தூக்கம் வரட்டும் என்று சளி மாத்திரையோ இருமல் மருந்தோ குடிக்காதீர்கள். சிலவகை ஆன்டிஹிஸ்டமின் கால் உதறலைக் கூட்டி ரிப்போர்ட்டையே கெடுக்கும். டாஸ்மாக் சரக்கு அறவே கூடாது: இந்த மாத்திரை வேலை செய்யும் அதே இடத்தில்தான் அதுவும் வேலை செய்கிறது, மூச்சையும் அடக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி ஒன்பதரைக்குப் பதறிக்கொண்டு போய்ச் சேர்வதைவிட, எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவது மேல். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ இருக்கிறது.

வயர் ஒட்ட முக்கால் மணி நேரமாவது ஆகும். தலையில் முன், நடு, பின் என்று எலெக்ட்ரோடுகள், கண் ஓரம் இரண்டு, தாடையில், நெஞ்சில், இரு காலிலும். மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய். பிறகு டெக்னீஷியன் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும்: கண்ணைத் திற, மூடு, இடமும் வலமும் பார், பல்லைக் கடி, மூச்சை அடக்கு, பாதத்தை ஆட்டு. சென்சார்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கு இது. மாத்திரை குறைக்கிறவருக்கு வயரோடு படுப்பதே மூச்சுமுட்டுவது போல இருக்கும். அதை முன்பே சொல்லிவிடுங்கள், சொன்னால் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். பாத்ரூம் போக ஒரு பெட்டியை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாம், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இரவு மாத்திரையை வழக்கமான நேரத்தில் எடுத்து, எடுத்த மணியை அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை டோஸும் கைப்பையில் இருக்கட்டும். காலையில் எழுந்ததும், யாரும் எதுவும் சொல்லும் முன், "எத்தனை மணி நேரம் தூங்கினேன்" என்று உங்கள் மதிப்பை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறோம். வீட்டுக்குப் போக பைக் ஓட்ட வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும் கண் போவது 'ஆழ்தூக்கம் குறைவு' என்ற வரியில்தான். பயப்பட வேண்டியதில்லை. இந்த மாத்திரைகள் ஆழ்தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் குறைத்து, நடுத்தரத் தூக்கத்தைக் கூட்டுவது மருத்துவம் நன்கு அறிந்த விஷயம். குறைக்கும்போது அடக்கி வைத்த கனவுத் தூக்கம் பீறிட்டு வரும், கெட்ட கனவுகள் அதனால்தான். இந்தச் சதவீதங்கள் மாத்திரையின் கைரேகை. மூளை பழுதானதற்கான சான்று அல்ல. அல்பிரசோலம் எடுப்பவருக்கு விழிப்பெல்லாம் விடியல் பக்கம் குவிந்திருந்தால், மருந்து ரத்தத்தில் இறங்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது மருத்துவரிடம் பேச வேண்டிய நல்ல தகவல்.

பார்க்க வேண்டிய எண்கள் சில மட்டுமே. மொத்தத் தூக்க நேரம் முதலில். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால், மூச்சுக் கோளாறு இல்லை என்ற முடிவை ஏற்க முடியாது. பிறகு மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது: 5-க்குக் கீழ் சாதாரணம், 15-க்குக் கீழ் லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஆக்சிஜன் 3 சதவீதம் குறைந்தாலே எண்ணினார்களா, 4 சதவீதம் குறைந்தால்தான் எண்ணினார்களா என்று கேளுங்கள், எண் மாறும். கால் உதறல் மணிக்கு 15-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். மாத்திரை குறைக்கும்போது உடம்பு திடுக்கிட்டுத் துள்ளுவது சகஜம், அதையும் இதையும் குழப்பக் கூடாது. 5 முதல் 90 விநாடி இடைவெளியில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அசைவுகள் தொடராக வந்தால்தான் கணக்கு. அப்படி இருந்தாலோ, சாயங்காலம் கால் குடைச்சல் இருந்தாலோ, ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, பாருங்கள். கால் குடைச்சல் உள்ளவருக்கு அது 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து தரலாம் என்பது வழிகாட்டுதல். லேப் தாளில் 20, 30 என்பதையே 'நார்மல்' என்று அச்சடித்திருப்பார்கள், அங்கேதான் பலருக்குத் தவறிவிடுகிறது. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. குளோனசெபாம் இந்தக் கால் தொந்தரவை இத்தனை வருடம் மூடி வைத்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். குறைக்கும்போது அது வெளியே வருகிறது.

இப்போது அந்தக் காலைத் தாள். "ஒரு மணி நேரம்கூடத் தூங்கல" என்று நீங்கள் எழுதியிருக்க, ரிப்போர்ட்டில் 5 மணி நேரம் என்று வரலாம். இதைப் பார்த்து வீட்டார், "நல்லாத்தான தூங்கியிருக்க, சும்மா சொல்ற" என்று பேசுவதைப் போலக் காயப்படுத்துவது வேறில்லை. பாரடாக்சிக்கல் இன்சோம்னியா என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. மூளை முழுதாக இறங்காமல் பாதி விழித்தபடியே தூங்கும் நிலை. அவதி உண்மையானது. அதே சமயம் இந்த வித்தியாசம் ஆறுதலும் தரும்: உடம்புக்குக் கிடைக்க வேண்டிய தூக்கத்தில் நல்ல பகுதி கிடைத்துக்கொண்டிருக்கிறது.

மூச்சுக் கோளாறு என்று தெரிந்து, தொண்டை மூடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சி-பாப் மெஷின் எழுதினால், முதல் இரவே மாட்டிக்கொண்டு தூங்கப் பார்க்காதீர்கள். பதற்றம் உள்ள உடம்பு மாஸ்க்கைப் பிய்த்தெறியும். பகலில் டி.வி. பார்த்துக்கொண்டே 15, 20 நிமிடம் மாட்டிப் பழகி, பிறகு இரவுக்குப் போங்கள். டெஸ்ட் நடக்கும் இரவிலேயே பாதியில் மாஸ்க் மாட்டி அழுத்தம் பார்க்கும் முறையும் உண்டு. துண்டு துண்டாகத் தூங்குகிறவருக்கு அது பெரும்பாலும் சரிப்படாது, தனி இரவு கேட்பது நல்லது.

எதுவும் கிடைக்கவில்லை, ரிப்போர்ட் சுத்தம் என்றால்? அப்போது சீட்டில் புதிதாக ஒரு மாத்திரை ஏறும் வாய்ப்பு அதிகம். சோல்பிடெம் ஏறினால் அது பெயர் மாறிய அதே வழிதான். மிர்டசபின், அமிட்ரிப்டிலின், குவெட்டியபின் ஆகியவை சிலருக்குக் கால் குடைச்சலைக் கூட்டும். கால் உதறல் எண் ஏற்கெனவே அதிகம் என்றால் அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். மருந்தில்லாத வழி தூக்கமின்மைக்கான மனப் பயிற்சி, அதாவது சி.பி.டி.-ஐ. தூங்கும் நேரத்துக்கு ஏற்ப படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குவது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே உட்காருவது, எழும் நேரத்தை மாற்றாமல் வைப்பது. குறைப்புக் காலத்தில் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம், மெதுவாகச் சுருக்குங்கள். முன்பு வலிப்பு வந்தவர்கள் மருத்துவர் துணையின்றி இந்தச் சுருக்கலைத் தொடவே கூடாது. பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒன்றாக இருக்கும் தெருக்களில் "எழுந்து வேறு அறைக்குப் போ" என்பது நடக்காத யோசனை. மொட்டை மாடியோ, அடுப்படியில் ஒரு ஸ்டூலோ போதும்.

வலிப்பு, கண்ணுக்கு இல்லாதது தெரிவது, குழம்பிப் பேசுவது வந்தால் டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தூங்காத இரவுகளில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பேனாவால் அன்றைய மருந்தின் பெயர், அளவு, எடுத்த மணி, கடைசிக் குறைப்புத் தேதி ஆகியவற்றை எழுதி ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். முழுக்க நிறுத்திய சில மாதத்துக்குப் பிறகு மறு டெஸ்ட் எடுக்க நேர்ந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி இல்லாமல் முதல் ரிப்போர்ட்டால் பயனில்லை.